ஆலவாயின் அடியில்

மதுரையில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுள், சுரங்கக் கதை கேளாமல் வளர்ந்தவர் அரியர். ஆடி வீதியில் மாலைக் காற்று வாங்க அமர்ந்திருக்கும் பாட்டனாரின் மடியிலோ, சித்திரைத் திருவிழாவுக்குச் சுவாமி புறப்பாட்டை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருந்த இரவிலோ அந்தக் கதை அவர்கள் செவியில் விழுந்திருக்கும். மீனாட்சியம்மன் திருக்கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகால் வரை ஒரு சுரங்கம் உண்டு; அரசர் அவ்வழியே நாள்தோறும் அம்மனைத் தரிசிக்க வருவார் என்பது ஒன்று. திருப்பரங்குன்றத்துக் குகையில் நுழைந்தால் கோயிலுக்குள் வெளிப்படலாம் என்பது மற்றொன்று. அழகர் மலைக்கு ஒரு வழி, தெப்பக்குளத்திற்கு ஒரு வழி என, சொல்பவரின் தெருவிற்கு ஏற்பச் சுரங்கமும் திசை மாறும். கதையின் முடிவு மட்டும் எங்கும் ஒன்றே. யாரோ ஒருவர் தீவட்டி ஏந்தி உள்ளே போனார், பாதி வழியில் தீவட்டி அணைந்தது, போனவர் திரும்பவில்லை, பின்னர் வாயிலை அடைத்துவிட்டார்கள்.

கேட்டவர்கள் அஞ்சினார்கள், வியந்தார்கள், பின்பு தம் பேரப்பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். இக்கதைகளில் எவ்வளவு உண்மை என்று ஆராயப் புகுந்தால், எதிர்பாராத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது மதுரை மண்.

முதலாவதாகச் சொல்லத்தக்கது, மதுரையில் நிலத்தடி வழி இருந்தது என்பது வெறுங்கற்பனை அன்று என்பதே. அதற்குச் சான்று தருவது சிலப்பதிகாரம். கோவலன் கண்ணகியை மாதரி இல்லம் சேர்க்கும் முன்னர், ஊரைக் கண்டுவரத் தனியே கோட்டைக்குள் புகுகின்றான். ஊர்காண் காதையில் அவன் நடந்த வழியை இளங்கோவடிகள் கூறுகையில் 'சுருங்கை வீதி' என்றொரு சொல்லை ஆள்கின்றார். யானைக் கூட்டம் அகழியைக் கடந்து போய்வருவதற்கென அமைந்த வழி அது. நிலத்தினுள் மறைத்து அமைத்த பாதை என அதற்குப் பொருள் கொள்வர். யானைகள் வரிசையாகச் செல்லும் அளவிற்கு அகலமும் உயரமும் உடைய வழி என்றால், இன்று நாம் கதையில் கேட்கும் இருண்ட பொந்து அன்று அது. ஊரறிந்த, அரசன் அறிந்த, காவல் மிக்க பெருவழி. அதனைக் கடந்தபின் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர் காவல் நின்றதாகவும் அக்காப்பியம் கூறுகின்றது. சுருங்கை என்னும் அச்சொல்லே கிரேக்க மொழியிலிருந்து வந்து தமிழிலும் வடமொழியிலும் வழங்கியது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. சொல்லும் யவனரும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்பது சிந்திக்கத் தக்கதே.

பரிபாடலிலும் இச்சொல் வருகின்றது. ஆனால் அங்கு அது நீர்வழி. வையையில் புதுவெள்ளம் வரும்போது, மதிலின் அடியில் அமைந்த சுருங்கை வழியாக நீர் பாய்ந்து விழும் காட்சியை, யானை துதிக்கையை உயர்த்தி நீரைச் சொரிவதற்குப் புலவர் உவமையாக்குகின்றார். ஆக, சங்க நாளிலிருந்தே மதுரையின் நிலத்தடியில் ஓடியவை இரண்டு: யானை வழி ஒன்று, தண்ணீர் வழி ஒன்று. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் அகழ்வாய்வு நடந்தபோது, ஒன்றினுள் ஒன்று பொருந்தும்படி அமைத்த சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டதைப் பலரும் நேரிலேயே கண்டிருப்பர். நீரை மண்ணுக்கடியில் நடத்திச் செல்லும் கலை இந்நாட்டார்க்கு அத்துணைப் பழமையானது.

இனி, மலைகளுக்குச் செல்லும் சுரங்கங்கள். திருப்பரங்குன்றம் கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். அழகர் கோயிலோ வடக்கே 20 கிலோமீட்டருக்கும் மேல், இடையில் வையையாறு. மணற்படுகையின் கீழ் தோண்டினால் ஊற்று பெருகும் என்பதை, கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய அந்நாளைய தாய்மார்களைக் கேட்டாலே தெரியும். காற்றுப் போக்கிற்கு வழியின்றி, நீர் புகாமல், இத்துணை நெடுந்தூரம் ஒரு வழி அமைப்பது எளிதன்று. அதற்குரிய தடயம் எதுவும் காட்டப்பட்டதும் இல்லை. எனினும் அக்கதை பிறந்த காரணம் விளங்காமல் இல்லை. மதுரையைச் சுற்றிலும் உள்ள குன்றுகள் குகைகள் நிறைந்தவை. சமணர் மலையிலும் அழகர் மலையிலும் மாங்குளத்திலும் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. திருப்பரங்குன்றத்தின் கருவறைகளே மலையைக் குடைந்து அமைந்தவை; அக்குடைவரை கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பாண்டியர் பணி. நக்கீரரைக் கற்கிமுகி என்னும் பூதம் அம்மலைக் குகையில் அடைத்ததும், அங்கே முன்பே 999 பேர் அடைபட்டிருந்ததும், அவர் திருமுருகாற்றுப்படை பாட, முருகப்பெருமான் வேலால் குகையைப் பிளந்து யாவரையும் விடுவித்ததும் பக்தர் யாவரும் அறிந்த வரலாறு. அடைபட்ட குகை, அதனுள் மனிதர், அதைத் திறக்கும் தெய்வம் என்னும் மூன்றும் இவ்வூர் மக்களின் நெஞ்சில் மிகப் பழங்காலத்திலேயே பதிந்துவிட்டன. தீவட்டி ஏந்திப் போனவர் கதை அதன் தேய்ந்த எதிரொலியாகவும் இருக்கலாம்.

மகாலுக்குச் செல்லும் சுரங்கத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். திருச்சிராப்பள்ளியிலிருந்து தலைநகரை மீண்டும் மதுரைக்கு மாற்றியவர். அவர் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதி மட்டுமே. அவர் பேரனார் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதி பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டது. எஞ்சியதும் இடிபாடாய்க் கிடந்தபோது, சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866ஆம் ஆண்டு முதல் அதனைச் செப்பனிடச் செய்தார். ஓர் அரண்மனையின் பெரும்பகுதி மறைந்து, சில தூண்களும் கூடங்களும் மட்டும் நிற்கும்போது, மறைந்த பகுதி பூமிக்கடியில் இருப்பதாக மக்கள் எண்ணுவது இயல்புதானே. கூரையில் துளையிட்டு இறங்கி ஆபரணங்களைக் கவர்ந்த கள்வனின் கதையை மகாலைக் காண வருவோருக்கு இன்றும் சொல்கிறார்கள். மேலே துளை என்றால் கீழே சுரங்கம் என்பது கதை சொல்வோரின் கணக்கு.

ஆனால் திருமலை நாயக்கரைப் பற்றிய வேறொரு நிலவறைக் கதை சற்று அச்சம் தருவது. மன்னர் அந்நிய மதத்தின்பால் சாய்ந்துவிடுவாரோ என்று கலங்கிய பட்டர் ஒருவர், கோயிலின் அடியில் பெரும்புதையல் இருப்பதாகக் கூறி அவரை ஒரு நிலவறைக்குள் இறங்கச் செய்து, பெருங்கல்லால் வாயிலை மூடிவிட்டார். மீனாட்சியம்மை அரசரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள் என ஊருக்கு அறிவித்தார் என்று அக்கதை சொல்லும். 1868ஆம் ஆண்டில் மதுரை நாட்டின் வரலாற்றை எழுதி வெளியிட்ட ஆங்கில அதிகாரி நெல்சன், இதனைச் செவிவழிச் செய்தியாகக் குறித்திருக்கின்றார். நம்புவதற்கு இதில் யாதொன்றும் இல்லை. புது மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் அவர் சிலையையும், அம்மைக்கும் அப்பனுக்கும் அவர் செய்த திருப்பணிகளையும், சித்திரைத் திருவிழாவை அவர் சிறப்பித்ததையும் அறிந்தோர்க்கு இக்கதை ஒட்டாது. இருப்பினும் ஒன்று கவனிக்கத் தக்கது. மதுரையின் நிலவறைக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவது கல்லால் மூடப்பட்ட வாயில். கோயிலுக்குள் ஏதோ ஒன்று மூடப்பட்டது, உள்ளே ஒருவர் இருந்தார், வெளியே இருந்தவர்கள் மறைத்துப் பேசினார்கள் என்னும் நினைவு இவ்வூரில் எங்கிருந்து வந்தது?

உண்மையிலேயே அவ்வாறு ஒன்று நிகழ்ந்தது. அதைக் கூறுவது 'மதுரைத் தலவரலாறு' என்னும் பழைய ஏடு.

1311ஆம் ஆண்டில் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படையோடு வந்து மீண்டான். பாண்டியர் குலத்து உடன்பிறந்தார் தமக்குள் பகைத்திருந்த காலம் அது. அப்போதைய இழப்பிலிருந்து ஊர் தேறுவதற்குள், 1323ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு பெரும்படை வந்தது. இம்முறை வந்தவர்கள் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் மதுரையிலேயே தனிச் சுல்தானியம் ஏற்பட்டது. கோயிலின் திருமதிலும், அதன் பதினான்கு கோபுரங்களும், உள்ளே இருந்த திருவீதிகளும் இடிபட்டதாகத் தலவரலாறு கூறுகின்றது. தப்பியவை சுவாமி, அம்மன் திருச்சன்னிதிகளின் கருவறைப் பகுதிகளே.

அவை தப்பிய விதம்தான் இங்கு நினைக்கத் தக்கது. படை நெருங்குவதை அறிந்த கோயில் ஸ்தானிகர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். உற்சவத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். மூலவரான சொக்கலிங்கப் பெருமானை எங்ஙனம் அசைப்பது? சுயம்பு மூர்த்தி, இந்திரன் வழிபட்ட பெருமான், விமானமே இந்திரன் அமைத்தது என்பது புராணம். ஆகவே அவர்கள் பெருமானைப் பெயர்க்கவில்லை. பெருமான் இருந்த இடத்தையே கண்ணுக்கு மறையச் செய்தார்கள். திருமேனிமீது கிளிக்கூடு போன்றதொரு கட்டை அமைத்து, அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடினர். கருவறை வாயிலைக் கல்வைத்து அடைத்தனர். அதற்கு முன்னால், அர்த்த மண்டபத்தில், வேறொரு லிங்கத்தை நாட்டி, அதுவே மூலவர் என்று தோன்றும்படி வைத்தனர். வந்தவர்கள் அந்த லிங்கத்தைக் கண்டு அதனைச் சிதைத்துவிட்டுச் சென்றார்கள். பின்னால் இருந்த சுவரை அவர்கள் ஐயுறவில்லை.

அதன் பின் 48 ஆண்டுகள்.

அந்த எண்ணைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். சுவரை எழுப்பிய நாளில் இருபது வயது இளைஞராய் மண் சுமந்தவருக்கு, அது திறக்கப்பட்டபோது அறுபத்தெட்டு வயது நடந்திருக்கும். நாற்பது வயதில் இருந்தவருள் உயிரோடு எஞ்சியவர் மிகச் சிலராகவே இருப்பர். உள்ளே பெருமான் இருக்கிறார் என்பதை அறிந்தவர்கள் அதனை வெளியில் சொல்ல இயலாது. சொல்லாமலே போய்விட்டால் அடுத்த தலைமுறை சுவரைச் சுவரென்றே எண்ணி மறந்துவிடும். எனவே தந்தை மகனுக்கு மட்டும், தாழ்ந்த குரலில், சொல்லியிருக்க வேண்டும். பூசை இல்லை, விளக்கில்லை, திருவிழா இல்லை. ஆயினும் 'இங்கே இருக்கிறார்' என்னும் ஒரு சொல் மட்டும் ஒரு வாயிலிருந்து மற்றொரு செவிக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்த ஏட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. ஓர் ஊர் தன் தெய்வத்தைக் காத்த வரலாறுகளில், போர்க்களம் சென்றவர்களின் புகழுக்குச் சற்றும் குறையாதது இந்த மறைவாய் இருந்தவர்களின் பொறுமை.

விசயநகரத்து இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து வந்து, சுல்தானை வென்று மதுரையை மீட்டார். 1371ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது இது. அவர் தேவியார் கங்காதேவி, கணவரின் வெற்றியை வடமொழியில் 'மதுரா விஜயம்' என்னும் காவியமாகவே பாடிவைத்தார். அதன் ஓலைச்சுவடி 1916ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. பாழடைந்த மதுரையை அம்மையார் வருணிக்கும் இடம் படிப்போரைக் கலங்கச் செய்வது.

கோயிலுக்கு வந்த கம்பணர் முன்னிலையில், சுவரைப் பிரித்து மண்ணை அகற்றினார்கள். உள்ளே அன்று சார்த்திய திருமாலை வாடாமல் இருந்தது. சந்தனம் உலராமல் இருந்தது. ஏற்றிவைத்த திருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று தலவரலாறு கூறுகின்றது. கண்டவர்கள் நேற்றுத்தான் பூசை நடந்ததோ என வியந்தனராம். இதனை அற்புதம் என்று கைகூப்புவோரும், ஆர்வத்தின் மிகுதியால் எழுந்த கூற்று என்போரும் உண்டு. ஆனால் சுவரும், அதன் முன் நாட்டிய லிங்கமும், அந்த ஆண்டுகளும் வரலாற்றோடு பொருந்தி வருகின்றன. சுவரை எடுத்தவர்களின் கண்ணுக்கு அந்த விளக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதை, ஐம்பது ஆண்டுகள் பிரிந்திருந்து ஒருவரைக் கண்டவர்களே உணர முடியும்.

மதுரை மட்டுமே இவ்வழியைக் கைக்கொள்ளவில்லை. அதே 1323இல் திருவரங்கத்திலும் பெரிய பெருமாள் சன்னிதியைக் கற்சுவர் எழுப்பி மறைத்தனர். உற்சவரான அழகிய மணவாளர் பாண்டிய நாடு, மலையாள நாடு எனப் பல தலங்களில் கரந்து தங்கித் திருமலை சென்று, 1371இல் திருவரங்கம் மீண்டார். சோழ நாட்டிலும் நடு நாட்டிலும் உள்ள சிற்றூர்க் கோயில்களில், சுவர் எழுப்ப நேரமில்லாதவர்கள் திருமேனிகளை மண்ணுக்குள் வைத்து மூடினார்கள். மூடியவர்கள் திரும்பி வராத இடங்களில் அந்த நினைவும் அவர்களோடு மறைந்தது. 1987இல் விழுப்புரம் பகுதியில் உள்ள எசாலத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இராசேந்திர சோழரின் செப்பேடும் மண்ணிலிருந்து கிடைத்தன. 2023 ஏப்ரலில், சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு யாகசாலைக்காகக் குழி தோண்டியபோது, 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. சம்பந்தப் பெருமான் ஞானப்பால் உண்ட ஊரில் தேவாரத்தையே மண்ணுக்குள் வைத்துக் காத்திருக்கின்றனர். வைத்தவர் யார், எந்நாளில் எவருக்கு அஞ்சி வைத்தார் என்று சொல்ல ஒரு பாட்டனாரும் அவ்வூரில் எஞ்சவில்லை.

இதனோடு ஒப்பிட்டால், மதுரையில் அண்மைக் காலத்தில் மறைந்தவை வேறு வகை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன், ஊர் நெருக்கடியைத் தீர்க்க நாயக்கர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். 72 கொத்தளங்களோடு விளங்கிய கோட்டை அது. மண் இட்டு நிரப்பிய அந்த வளையத்தின்மேல்தான் இன்றைய வெளி வீதிகள் அமைந்தன. பணியை முன்னின்று நடத்திய பெருமாள் மேஸ்திரி, மாரட் ஆகியோரின் பெயர்களை அங்குள்ள தெருக்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. கோட்டையின் மதகுகளும் நீர்வாய்களும் அதனோடு மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். அவ்வீதிகளில் வீடு கட்ட அடித்தளம் தோண்டுகையில் பழைய செங்கல் வளைவு ஒன்று தட்டுப்பட்டால், 'சுரங்கம்!' என்ற சொல் பிறப்பதில் வியப்பில்லை. புது மண்டபத்திற்கு அப்பால், அன்னை காஞ்சனமாலை நீராடுவதற்காக இறைவன் ஏழு கடல்களையும் வரவழைத்த எழுகடல் தீர்த்தமும் தூர்ந்து கடைகளாகிவிட்டது. எழுகடல் தெரு என்று பெயர் மட்டும் இருக்கின்றது. சுரங்கத்தைத் தேடும் இளைஞர்கள் அந்தப் பெயர்ப் பலகையையும் ஒருமுறை நின்று படிக்கலாம்.

தெப்பக்குளம் தப்பியது பெரும்பேறு. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தைத் திருமலை நாயக்கர் 1645ஆம் ஆண்டில் தெப்பக்குளமாக்கினார் என்பர். அம்மண்ணைத் தோண்டும்போது கிடைத்தவரே, சுவாமி சன்னிதிக்குச் செல்லும் வழியில் எழுந்தருளியிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். இங்கும் மண்ணுக்குள்ளிருந்துதான் தெய்வம் வந்தது. குளத்திற்கு வையையிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே நீர் வந்தது. மதுரையில் உண்மையாகவே ஒரு சுரங்கம் இருந்ததென்றால், கோயிலோடு தொடர்புடைய ஒன்றாக அதையே சொல்லலாம்; அதில் அரசர் நடக்கவில்லை, வையை நடந்தது. அவ்வழி தூர்ந்து, பல்லாண்டுகள் குளம் வறண்டு, பிள்ளைகள் பந்தாடும் திடலாய்க் கிடந்ததையும், தைப்பூசத்தன்று நீரில்லாக் குளத்தில் நிலைத்தேராய்த் தெப்பம் நின்றதையும் மதுரை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது பனையூர்க் கால்வாய் வழியே நீர் வந்து நிறைகின்றது.

சுவாமி சன்னிதிச் சுற்றில், சிதைந்த லிங்கத் திருமேனி ஒன்றைத் தனியே வைத்திருக்கின்றார்கள். அபிடேகமோ அலங்காரமோ அதற்கில்லை. பலர் அதனைக் காணாமலே நவக்கிரகங்களை நோக்கி விரைந்துவிடுகின்றனர். மூலவருக்கு முன்னால் நின்று, மூலவருக்காக அடிபட்டது அதுவே. வயதான அன்பர்கள் சிலர் அங்கு நின்று, கைபிடித்து வந்த பேரப்பிள்ளைக்கு அதைக் காட்டுவதுண்டு. 'இது ஏன் தாத்தா உடைஞ்சிருக்கு?' என்று பிள்ளை கேட்கும். சுரங்கக் கதையைவிடச் சற்று நீளமான கதை ஒன்று அங்கே தொடங்கும்.